மொட்டைத் தலைக்கு விசா

என் தங்கைக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்பதை நிரூபிக்கும் வேலை, அந்தக் கல்யாணம் முடிந்து பல வருடம் கழித்து என் தலையில் விழுந்தது. கல்யாணத்தில் சாப்பிட்டவர்கள் மட்டும் இரண்டாயிரம் பேர் இருப்பார்கள். காங்கேயம் சாலையில் உள்ள மண்டபத்தில் மூன்றாம் பந்திக்கு ரசம் தீர்ந்துபோனது இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் பேசப்படுகிறது. ரசம் தீர்ந்ததற்குச் சாட்சி சொல்ல ஊரே வரும். கல்யாணம் நடந்ததற்கு ஒரு காகிதம் கிடையாது.

காகிதம் கேட்டது வளைகுடாவில் உள்ள ஓர் அரசாங்கம். தங்கை அங்கே ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். அவள் கணவர், அதாவது எங்கள் மாப்பிள்ளை, ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர். இருவரும் அவரவர் வேலை விசாவில் தனித்தனியாகப் போனவர்கள். ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டாலும் அந்த நாட்டைப் பொறுத்தவரை இரண்டு தனி ஆட்கள். அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. பையன் பிறந்த பிறகுதான் கேட்டார்கள். குழந்தை அங்கே இருக்க வேண்டுமென்றால் பெற்றோரில் ஒருவரைச் சார்ந்து அதற்கு விசா எடுக்க வேண்டும். அதற்குப் பெற்றோரின் திருமணச் சான்றிதழ் வேண்டும். இந்தியாவில் பதிவு செய்து, சென்னையிலும் டில்லியிலும் முத்திரை வாங்கிய சான்றிதழ்.

தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, கல்யாணத்த ரிஜிஸ்டர் பண்ணவே இல்லீங்ளா?"

"அப்பப் பண்ணலாம்னாங்க. அப்பறம் பண்ணிக்கலாம்னாங்க. எல்லாரும் சொன்னாங்க அம்மணி, யாரும் பண்ணல."

"நீங்கதான எல்லாம் பாத்துக்கறேன்னீங்க."

"நான் சமையலப் பாத்துக்கறேன்னு சொன்னேன்."

"அதையும் எங்க பாத்தீங்க. ரசம் தீந்துபோச்சு."

நான் பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதுகிறவன். பிழைப்புக்கு ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்தில் இருக்கிறேன். இரண்டுக்கும் தகுதி ஒன்றுதான்: நீண்ட நேரம் உட்கார்ந்திருப்பது. எங்கள் பெற்றோர் காலமாகிவிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கிறார். ஆகவே இந்தப் பக்கத்து வேலைகளுக்கு என்னைவிட்டால் ஆள் இல்லை என்பதை எல்லோரும் ஒருவித வருத்தத்தோடு ஏற்றுக்கொண்டார்கள்.

விசாரித்ததில் விஷயம் இப்படி இருந்தது. கல்யாணத்தைப் பதிவு செய்யக் கணவன் மனைவி இருவரும் நேரில் வந்து கேமரா முன்னால் உட்கார்ந்து ரேகை வைக்க வேண்டும். பையனுக்கு அங்கே நம் தூதரகத்தில் பாஸ்போர்ட் மட்டும் வாங்கியிருந்தார்கள். அதை வைத்துக்கொண்டு அந்த நாட்டைவிட்டு வெளியே வரலாம். விசா இல்லாமல் திரும்பி உள்ளே போக முடியாது. இருவரும் வந்தால் அவனையும் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும். வந்தால் விசா வருகிற வரை அவன் இங்கேதான்.

"நீயும் கூட இருந்துக்கலாமில்ல?" என்று கேட்டேன்.

அவள் விளக்கினாள். குழந்தைக்கு விசா எடுத்துக்கொடுக்கும் தகுதி மாப்பிள்ளையின் வேலைக்கு இல்லை. அவளுடைய வேலைக்குத்தான் உண்டு. பிரசவ விடுப்பு முடியப்போகிறது. போய்ச் சேராவிட்டால் வேலை போகும். வேலை போனால் அவள் விசா போகும். அது போனால் அதைச் சார்ந்து இவனுக்கு எங்கிருந்து விசா வரும்? குழந்தையோடு இருக்க வேண்டுமென்றால் குழந்தையை விட்டுவிட்டுப் போக வேண்டும். இதை அவள் ரத்த ரிப்போர்ட் வாசிக்கிற குரலில் சொன்னாள். எனக்குப் புரியவில்லை என்று இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். அதே குரலில் சொன்னாள்.

அவர்கள் வருவதற்கு முன் வெள்ளகோவிலுக்குப் போனேன். எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் ஐயர் கிடையாது. அருமைக்காரர் என்று ஒரு பெரியவர் முன்னின்று நடத்திவைப்பார். திருமணத்தை நடத்தியவர் கையெழுத்து வேண்டும் என்று பதிவு அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். அவர் தோட்டத்தில் முருங்கைக்காய் கட்டிக்கொண்டிருந்தார்.

"நானு முன்ன நின்ன கல்யாணம் ஒண்ணுகூடப் பிரிஞ்சதில்லீங் தம்பி. இப்ப என்னத்துக்குங் பதிவு?"

"பிரியறதுக்கில்லீங். புள்ளயோட சேந்திருக்கறதுக்குங்."

"புள்ள எங்கீங் இருக்குது?"

"அவங்ககிட்டத்தானுங்."

"அப்பறம் சேந்துதான இருக்கறாங்க."

இதற்கு அரசாங்கத்திடமே பதில் இருந்திருக்காது. அவர் கையெழுத்துப் போட்டார். இளநீர் வெட்டிக் கொடுத்தார். நான் கிளம்பும்போது, "அன்னைக்கு ரசந்தானுங் கொஞ்சம் பத்தாமப் போச்சு" என்றார்.

அவர்கள் வந்து இறங்கினார்கள். பையனை அப்போதுதான் முதலில் பார்க்கிறேன். தலை நிறைய முடி. பாஸ்போர்ட் படத்திலும் அந்த முடியோடு, தூக்கத்தில் எழுப்பிக் கேள்வி கேட்கப்பட்ட பஞ்சாயத்துத் தலைவர் மாதிரி இருந்தான்.

பதிவு அலுவலகத்தில் தாலி கட்டுகிற போட்டோ கேட்டார்கள். ஆல்பத்தை நீட்டினேன். மேசைக்குப் பின்னால் இருந்த அம்மா அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். படம் முழுக்க ஒரு பட்டுச் சட்டை முதுகு.

"இது யாருங்க?"

"நானுங்க."

"மாப்பிள்ளை எங்கீங்க?"

"எனக்கு அந்தப் பக்கம் இருக்காருங்க."

"கல்யாணம் அவருக்குத்தானுங்களே?" என்று கேட்டுவிட்டு, அடுத்த படங்களைப் புரட்டி, என் முதுகு சற்றே விலகிய ஒன்றை அவரே தேர்ந்தெடுத்தார். பையன் என் தோளில் கிடந்து சட்டைக் காலரைச் சப்பிக்கொண்டிருந்தான். "கொழந்த?" என்றார். தங்கையையும் மாப்பிள்ளையையும் கைகாட்டினேன். பக்கத்தில் மாலையோடு காத்திருந்த புதுஜோடி எங்களைத் திரும்பிப் பார்த்தது. இப்படியும் செய்யலாமா என்று அந்தப் பெண் யோசிப்பது தெரிந்தது.

தங்கை கேமராவைப் பார்த்தாள். ரேகை வைத்தாள். விரலைத் துடைத்துக்கொண்டு பையனுக்காகக் கையை நீட்டினாள். அரசாங்கம் அவர்களுக்குக் கல்யாணம் செய்துவைத்துவிட்டது. மாப்பிள்ளை எல்லோருக்கும் பேக்கரியில் டீ வாங்கிக்கொடுத்தார்.

அவர்கள் வளைகுடாவுக்குத் திரும்ப ஓரிரண்டு நாள்தான் இருந்தது. அன்று சாயங்காலம் தங்கை, "பையனுக்கு மொட்ட அடிச்சுக் காது குத்திப்போடலாம்ங்ணா" என்றாள்.

மாப்பிள்ளை, "எதுக்கு இப்ப அவசரம்? அடுத்த லீவுல சாவகாசமாப் பண்ணிக்கலாம்" என்றார்.

"அவன் பொறந்ததுல இருந்து மொறையா ஒண்ணுமே பண்ணலீங்க. தொட்டல் கட்டல. ஒரு சீர் இல்ல. ஆஸ்பத்திரியில ஒட்டுன நம்பரோட ஊட்டுக்குத் தூக்கிட்டு வந்தேன். இது ஒண்ணாச்சும் நானே பண்ணிப்போட்டுப் போறேன்."

மாப்பிள்ளை கோயிலுக்குச் சொல்லப் போனை எடுத்தார். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் மொட்டை போட வேண்டும் என்பதால் எனக்கு உள்ளூரச் சந்தோஷம். மறுபடியும் உட்கார்ந்திருக்கிற வேலை.

மாப்பிள்ளையின் குலதெய்வம் வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில். மாமன் சீராகத் தோடும் துணியும் எடுத்துக்கொண்டு போனோம். மடியில் வைத்ததும் அவன் என் மீசையைப் பிடித்தான். தண்ணீர் தெளித்ததும் வாயைத் திறந்தான். அதை மூட, மொட்டை முடிந்து, காது குத்தி, சந்தனம் தடவி, என் வேட்டியும் நனைந்து முடிய வேண்டியிருந்தது. முடி என் மடியில் ஈரமாகக் கிடந்தது. தங்கை அவனை வாங்கி மொட்டைத் தலையில் முகத்தை வைத்தாள். வெகுநேரம் எடுக்கவில்லை. நிமிர்ந்தபோது அவள் மூக்கிலும் நெற்றியிலும் மஞ்சளாகச் சந்தனம் ஒட்டியிருந்தது. யாரும் துடைக்கச் சொல்லவில்லை.

மறுநாள் விமான நிலையம். எங்கள் வீடு பீளமேட்டில், நடந்துபோகிற தூரம். இருந்தாலும் காரில் போனோம். மாப்பிள்ளை என்னிடம், "மச்சான், பின் டயர்ல காத்து கம்மியா இருக்குது, பாத்துக்கங்க" என்றார். என் மனைவி பையனை இடுப்பில் வைத்திருந்தாள். தங்கை அவளிடம் பால் பவுடர் கரண்டி அளவு, மருந்து, இரண்டாவது ஊசி எல்லாம் சொன்னாள். ஏற்கெனவே சொன்னதுதான். மனைவி புதிதாகக் கேட்பதுபோல் தலையாட்டினாள்.

"வாரேன்ங்ணா" என்றாள். "வாரேன் கண்ணு" என்று அவனிடமும் சொன்னாள். அவன் கண்ணாடிக் கதவு தானாகத் திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவர்கள் உள்ளே போன பிறகும் அதையே பார்த்தான். யாரும் அழவில்லை. வண்டி நிறுத்துமிடத்துச் சீட்டை எந்தப் பையில் வைத்தேன் என்று தேடிக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு சான்றிதழ் ஊர் பார்க்கக் கிளம்பியது. காந்திபுரத்தில் ஓர் ஏஜெண்டு அதைச் சென்னைக்கு அனுப்பினார். அங்கே ஒரு முத்திரை. டில்லியில் ஒன்று. அந்த நாட்டுத் தூதரகத்தில் இன்னொன்று. நான் டில்லி போனதில்லை. தங்கையின் கல்யாணம் எனக்கு முன்னால் போய்விட்டது.

எங்கள் மகன் சென்னையில் விடுதியில் தங்கிப் படிப்பதால் வீட்டில் அவன் அறை காலியாக இருந்தது. அங்கே தொட்டில் கட்டினோம். எங்கள் பக்கம் தொட்டல் என்போம். மனைவி பள்ளிக்கூடத்தில் சம்பளமில்லாத விடுப்புப் போட்டாள். குழந்தை வளர்த்து வருஷக்கணக்காகிவிட்டதால் எனக்கு எல்லாம் மறந்திருந்தது. மனைவி, "மறக்கறதுக்கு முன்ன தெரிஞ்சிருக்கோணும்ங்க" என்றாள்.

தினமும் தங்கை வேலை முடிந்ததும் வீடியோவில் கூப்பிடுவாள். தரையில் பாய் விரித்து, போனைத் தண்ணீர்ச் சொம்பின் மேல் சாய்த்துவைத்து, அவனைக் குப்புறப் போடுவோம். "கண்ணூ" என்பாள். அவன் திரையைத் தட்டுவான், நக்குவான். அவள் முகம் எச்சிலில் மங்கும். நான் வேட்டி நுனியால் துடைப்பேன். "அண்ணா, கண்ணத் தொடைக்காதீங்க, லேசாத் தொடைங்க" என்பாள், நான் அவளைத் துடைப்பதுபோல. கொஞ்ச நாளில் அந்தப் போன் அடிக்கிற பாட்டைக் கேட்டாலே சிரிக்க ஆரம்பித்தான். வேறு யார் கூப்பிட்டாலும் அதே சிரிப்பு. கடன் அட்டை வேண்டுமா என்று கேட்கிற பெண்ணுக்கும்.

ஒருநாள் மனைவி பாட்டில்களைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "அம்மணி தெனமும் பால எடுத்துப் பேசின்ல ஊத்திப்போட்டுத்தான் வேலைக்குப் போகுதாமா."

நான் கழுவிய பாட்டில்களை வாங்கித் துடைத்து அடுக்கினேன். சில வாரம் கழித்து, "நின்னுபோச்சாமா" என்றாள். எது என்று நான் கேட்கவில்லை.

முத்திரைகள் முடிந்து சான்றிதழ் அங்கே போய்ச் சேர்ந்தது. தங்கை விசாவுக்கு விண்ணப்பித்தாள். பையனின் போட்டோ கேட்டாள். கிராஸ்கட் ரோட்டில் ஒரு ஸ்டூடியோவில் வெள்ளைத் துணி முன்னால் அவனை வைத்து, என் மனைவி துணிக்குப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள, எடுத்து அனுப்பினோம். இத்தனை வாரமாகியும் முளைவிடாத பளபளவென்ற மண்டை, இரண்டு காதிலும் தோடு. ஒரு வாரத்தில் வந்துவிடும் என்றார்கள்.

வரவில்லை. தங்கை கூப்பிட்டு, "வேற போட்டோ வேணும்ங்கறாங்கண்ணா. அது தெளிவா இல்லையாமா. ஒண்ணும் அவசரமில்ல, கொஞ்ச நாள் கழிச்சு எடுத்துக்கலாம்" என்றாள்.

அவசரமில்லை என்று அவள் சொன்னது எனக்கு இடித்தது. மறுநாள் மாப்பிள்ளை தனியாகக் கூப்பிட்டார்.

"மச்சான், அவகிட்ட ஒண்ணும் கேட்டுக்காதீங்க. பாஸ்போர்ட்ல முடியோட இருக்கறான். இதுல மொட்டையா, கம்மலோட இருக்கறான். வேற கொழந்தைன்னு சந்தேகப்படறாங்க. முடி வளந்தப்பறம் எடுத்து அனுப்பச் சொல்லிட்டாங்க. அவ போனுக்குத்தான் மெசேஜ் வந்துச்சு. எங்கிட்டயே சொல்லாமப் பொட்டாட்ட இருந்துட்டா. ரெண்டு நாள் கழிச்சு நானாப் பாத்தேன்."

"சரிங்க மாப்ள" என்றேன்.

"நான் அன்னைக்கே அடுத்த லீவுன்னு சொன்னனுங்க" என்றார். பிறகு, "அதையும் அவகிட்டச் சொல்லிப்போடாதீங்க" என்றார்.

மனைவியிடம் சொன்னேன். அவள் பையனின் தலையைத் தடவிப் பார்த்தாள். "புள்ளைக்குன்னு அது ஆசப்பட்டுக் கேட்டது அது ஒண்ணுதானுங்க" என்றாள்.

ஸ்டூடியோவுக்குப் போய் விசாரித்தேன். "அதுக்கென்ன சார், கம்ப்யூட்டர்ல முடி போட்டுத் தந்துர்றேன். சுருள் முடியா, படிஞ்ச முடியா?" என்றார் அவர். என் தலையையும் ஒருமுறை இரக்கத்தோடு பார்த்தார். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

அதன்பிறகு எங்கள் வீட்டில் மொத்தக் கவனமும் ஒரு தலைமேல் குவிந்தது. மனைவி காலையும் மாலையும் விளக்கெண்ணெய் தேய்த்தாள். நான் காலையில் எழுந்ததும், கடலை விதைத்துவிட்டு முளைப்புப் பார்க்கப் போகிற ஆள் மாதிரி ஜன்னல் வெளிச்சத்தில் அவன் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். பின்மண்டையில் சீக்கிரம் வந்தது. முன்பக்கம் மானாவாரி. கல்லூரியில் கேட்டவர்களிடம் முடி வளர்ந்துகொண்டிருக்கிறது என்றால், அவர்கள் என் நெற்றியைப் பார்த்துவிட்டுத் தப்பாகப் புரிந்துகொண்டார்கள்.

தங்கை தினமும், "அண்ணா, அவன் தலையச் சித்தெக் காட்டுங்க" என்பாள். "சளி கிளி புடிச்சிருக்கான்னு பாக்கறக்குத்தான்."

நான் போனை மேலே பிடித்துக் காட்டுவேன். அவள் அங்கே திரைக்கு அருகில் முகத்தைக் கொண்டுவந்து பார்ப்பாள். "சளி இல்ல" என்பேன். "இல்லைங்ணா" என்பாள். இப்படி மூன்று பெரிய மனிதர்கள் பலநாள் ஒரு சளியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

அதற்குள் அவன் தவழ ஆரம்பித்தான். அதையும் அவள் சொம்புக்கு முன்னாலிருந்து பார்த்தாள்; அவன் தவழ்ந்து திரையைவிட்டு வெளியே போய்விட்டதால் அதிகம் பார்க்கவில்லை.

புதுப் போட்டோ அனுப்பினோம். கொஞ்ச நாளில் விசா வந்தது. போனில் ஒரு பக்கம். அவன் படம் ஓரத்தில், தலையில் ஒரு விரற்கடை முடியோடு. நான் அச்செடுத்து மனைவியிடம் கொடுத்தேன். அவள் பார்த்துவிட்டு, அவனுடைய சட்டைகளை எடுத்து மடிக்கப் போனாள்.

கூட்டிப்போகத் தங்கை மட்டும் வந்தாள். மூன்று நாள் விடுப்பு. வாசலில் செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்து கையை நீட்டினாள். அவன் அவளைப் பார்த்தான். என் மனைவியின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். "கண்ணூ" என்றாள். இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அவள் கிட்டப் போனபோது அழுதான்.

"புது ஆளுன்னு பாக்கறான். செத்த நேரத்துல செரியாயிரும்" என்றாள் மனைவி.

"செரிங்க அண்ணி" என்றாள் தங்கை. போய்ச் செருப்பைக் கழற்றினாள். குளித்துவிட்டு வந்தாள். சாப்பிட்டாள். மத்தியானமும் அவன் போகவில்லை. அவள் கேட்கவும் இல்லை. சோபா ஓரத்தில் உட்கார்ந்து, அவன் பாயில் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அங்கிருந்து பார்க்கிற மாதிரியே.

மனைவிதான் சொன்னாள்: "அம்மணி, நீ உள்ள போய் அண்ணனுக்குப் போன் போடு."

"எதுக்குங்க அண்ணி?"

"போடு."

தங்கை படுக்கையறைக்குள் போனாள். நான் போனை வழக்கம்போல் சொம்பில் சாய்த்துவைத்தேன். பாட்டு அடித்தது. பையன் சிரித்தான். திரையில் அவள் வந்தாள். "கண்ணூ" என்றாள். அவன் கையைத் தட்டிக்கொண்டு தவழ்ந்து வந்து அவள் முகத்தை நக்கினான்.

அவள் பேசிக்கொண்டே, போனை முகத்துக்கு நேராகப் பிடித்தபடி, அறையிலிருந்து வெளியே வந்தாள். குரல் இரண்டு பக்கமிருந்தும் வந்தது. அவன் சொம்பைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மறுபடி சொம்பு. அவள் கிட்டே வந்து தரையில் உட்கார்ந்தாள். அவன் யோசித்துவிட்டு, அவள் கையிலிருந்த போனுக்காக அவள் மடியில் ஏறினான்.

போனுக்காகத்தான் ஏறினான். எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவள் ஒரு கையால் போனைக் கொடுத்துவிட்டு மறுகையை அவன் தலைமேல் வைத்தாள்.

"முடி நல்லா வந்திருச்சுங்ணா" என்றாள்.

"வந்திருச்சு அம்மணி."

"நாந்தான மொட்ட அடிக்கோணும்னு நின்னேன்."

"மடியக் குடுத்தது நானு" என்றேன். "சளிதான் இல்லைன்னு ஆயிப்போச்சே."

அவள் சிரித்த மாதிரி இருந்தது. குனிந்திருந்ததால் சரியாகத் தெரியவில்லை.

அவர்களை விமானம் ஏற்றிவிட்டு வந்த பிறகு முதல் சில நாள் அவள் பையனைக் காட்டவில்லை. கூப்பிட்டால், "தூங்கறான்ங்ணா" என்பாள். பின்னால் மாப்பிள்ளை யாரையோ சமாதானப்படுத்துகிற சத்தம் கேட்கும். "அழுதுட்டிருக்கறான். உங்களத் தேடறானோ என்னமோ" என்றாள் மனைவி. "உன்னையத்தான் தேடுவான்" என்றேன். மனைவி எங்கள் மகனின் அறைக்குள் போய்த் தொட்டல் கயிற்றை அவிழ்த்தாள்.

அப்புறம் ஒரு சாயங்காலம் தங்கையே வீடியோவில் கூப்பிட்டாள். படுத்திருந்தாள். அவள் வயிற்றின் மேல் அவன் குப்புறக் கிடந்து, வாயைத் திறந்து, உண்மையாகவே தூங்கிக்கொண்டிருந்தான். அவள் விரல்கள் அவன் முடிக்குள் இருந்தன. வாயில் விரலை வைத்துப் பேசாதீர்கள் என்று காட்டினாள். நாங்கள் பேசவில்லை. அவளும் பேசவில்லை. போன் சொம்பில் சாய்ந்திருக்க, நானும் மனைவியும் பாயில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம், லைன் கட்டாகிற வரைக்கும்.

பிறகு நாங்கள் இரண்டு பேர் மட்டும் சாப்பிட உட்கார்ந்தோம். ரசம் மீந்துபோயிற்று.